துருசு திறந்தால் சேற்றில் என்ன நடக்கும்?

(கிளிநொச்சியில் ஆசிரியர்களும் உயர்தர மாணவர்களும் கமக்காரர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மாவட்டத்தில் மாரி காலத்தில் யாரை மறித்துக் கேட்டாலும் இரணைமடுக் குளத்தில் இன்றைக்கு எத்தனை அடித் தண்ணீர் என்று சொல்லிவிடுவார்கள். தேநீர்க்கடையில் அரசியலுக்கு அடுத்த பேச்சு அதுதான். 36 அடி வந்தால் குளம் நிரம்பியது, வான்கதவு திறக்கும், கீழே கண்டாவளைப் பக்கத்தில் இருப்பவர்கள் பொருள்பண்டங்களை உயர்த்தி வைப்பார்கள். தண்ணீரின் மேல்மட்டத்தை இவ்வளவு நுட்பமாகக் கவனிக்கும் நாங்கள், அதன் அடிமட்டத்தை ஒருநாளும் எட்டிப் பார்ப்பதில்லை. அங்கே சேறு கிடக்கிறது, அவ்வளவுதானே என்று விட்டுவிடுகிறோம். அந்தச் சேற்றில் ஒரு பெரிய குடியிருப்பு இருக்கிறது. புழுக்கள், நத்தைகள், மட்டிகள், பூச்சிகளின் குடம்பிகள் என்று முள்ளந்தண்டில்லாத உயிர்களின் குடியிருப்பு. அதைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வன்னிக் குளங்களின் அடியில் எது வாழும், எது அழியும் என்பதைத் தீர்மானிக்கும் முதற்காரணம் தண்ணீரின் ஏற்ற இறக்கம். வெப்பம், ஒட்சிசன், மண், உப்பு எல்லாம் அதற்குப் பிறகு வருபவை. பெரும்பாலும் அதன் வழியாகவே வருபவை. அந்த ஏற்ற இறக்கத்தில் ஏற்றத்தை வாடைமழை தீர்மானிக்கிறது. இறக்கத்தை எங்கள் துருசுகள், அதாவது வயலுக்குத் தண்ணீர் விடும் மதகுகள், தீர்மானிக்கின்றன. ஆகவே, அரசாங்க அதிபர் தலைமையில் கூடும் சிறுபோகக் கூட்டத்தில் இத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று முடிவெடுக்கும்போது, கூட்டத்துக்கு அழைக்கப்படாத பல கோடி உயிர்களின் விதியையும் அதே தீர்மானத்தில் எழுதிவிடுகிறோம்.

முதலில் அங்கே இருப்பவர்கள் யார் என்று பார்ப்போம். இதற்குப் பெரிய கருவி தேவையில்லை. ஆராய்ச்சியாளர்கள் எக்மன் என்ற சுவீடன் நாட்டு விஞ்ஞானி வடிவமைத்த ஓர் இரும்புப் பெட்டியைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். அது அடியில் போய் வாயை மூடிக்கொண்டு ஒரு பிடி சேற்றை அள்ளி வரும். பிள்ளைகள் செய்வதென்றால் முழங்கால் அளவு தண்ணீரில் நின்று ஒரு சிரட்டையால் அள்ளினாலே போதும். அள்ளியதை வீட்டில் மா அரிக்கும் அரிதட்டில் போட்டுக் குளத்துத் தண்ணீரிலேயே மெல்ல அலச வேண்டும். களி கரைந்து போய்விடும். எஞ்சியதை ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டித் தண்ணீர் ஊற்றி, ஐந்து நிமிடம் கை வைக்காமல் பார்த்துக்கொண்டிருங்கள்.

முதலில் ஒன்றும் அசையாது. பிறகு உக்கிய இலைத்துண்டு என்று நினைத்தது நடக்கத் தொடங்கும். அது தும்பியின் குடம்பி. முகத்துக்குக் கீழே மடித்து வைத்திருக்கும் உதட்டைச் சட்டென்று நீட்டி இரையைப் பிடிக்கும் வேட்டைக்காரன் அது. அதற்குப் பக்கத்தில் கடுஞ்சிவப்பில், அரை விரல் நீளம்கூட இல்லாத ஒரு புழு எட்டுப் போட்டு நெளியும். கைரோனோமிட் என்ற பூச்சிக் குடும்பத்தின் குடம்பி. வளர்ந்து பறக்கும்போது நுளம்பைப் போலவே இருக்கும், ஆனால் கடிக்காது. மழைக்காலத்து மாலையில் மின்விளக்கைச் சுற்றி மொய்த்து, காலையில் யன்னலடியில் குவியலாகச் செத்துக் கிடப்பவற்றில் பல இவைதான். மெல்லிய நூல்போல் சுருண்டு கிடப்பவை சேற்றுப் புழுக்கள், மண்புழுவின் உறவினர். அவற்றில் ஒன்றுக்கு வால் பக்கத்தில் வரிசையாகப் பூக்கள் முளைத்ததுபோல் இருக்கும். அது பிராங்கியூரா சோவர்பி. தலையைச் சேற்றுக்குள் புதைத்து, வாலில் உள்ள பூக்களைத் தண்ணீரில் ஆட்டிச் சுவாசிக்கும். ஆசியாவுக்கே உரியதாகக் கருதப்படும் இந்தப் புழுவுக்கு விஞ்ஞானம் முதன்முதலில் பெயர் வைத்தது 1892இல், இலண்டனில் ஒரு தாவரத் தோட்டத்தின் அல்லித் தொட்டியில் அதைக் கண்டபோது! எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இலண்டனில் பிறப்புப் பதிவு எடுத்தது அன்றே தொடங்கிவிட்டது போலும்.

பிறகு நத்தைகள். கூம்புபோல் நீண்டு முனை கூரான மெலனொயிடஸ், உருண்டையான பெலமியா, உள்ளங்கை நிறையும் பெரிய பைலா, ஆட்டுக்கடாக் கொம்புபோல் தட்டையாகச் சுருண்ட இந்தோபிளனோர்பிஸ். கொஞ்சம் ஆழமாகத் தோண்டினால் கறுத்த நீள்வட்ட மட்டி, லாமெலிடென்ஸ், அகப்படும். அதன் ஓட்டின் உட்புறம் முத்தைப்போல் மினுங்கும். இவ்வளவையும் ஒரே தட்டில் கண்டுவிட முடியாது. எந்தக் குளம், குளத்தின் எந்த இடம், ஆண்டின் எந்த மாதம் என்பதைப் பொறுத்துத் தட்டு மாறும். அந்த மாற்றத்துக்கான காரணங்கள்தான் இனி.

அதற்கு முன் ஒரு சொல்: உலகில் அடிச்சேற்று உயிர்களைப் படிக்கும் துறை வளர்ந்தது குளிர்நாட்டு ஏரிகளில். ஜேர்மனியில் ஓகஸ்ட் தீனெமன் என்றொரு விஞ்ஞானி இருந்தார். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் ஒரு விசயத்தைக் கண்டார்: ஏரியின் ஆழத்தில் எந்தக் கைரோனோமிட் குடம்பி வாழ்கிறது என்று சொன்னால் அந்த ஏரியின் குணத்தையே சொல்லிவிடலாம். தெளிந்த, போசணை குறைந்த ஏரிகளின் ஆழத்தில் ஆண்டு முழுவதும் ஒட்சிசன் இருக்கும். அங்கே டானிடார்சஸ் என்ற வகை வாழும். அல்கா மண்டிய, போசணை மிகுந்த ஏரிகளில் அல்கா செத்து அடியில் விழுந்து உக்கும்போது ஒட்சிசனைத் தின்றுவிடும்; அங்கே ஈமோகுளோபின் கொண்ட சிவப்புக் கைரோனோமஸ் மட்டும் தாக்குப்பிடிக்கும். எங்கள் குருதியில் உள்ளதைப் போன்ற அதே வகைப் பொருள்தான் அந்தப் புழுவின் சிவப்பு. ஒட்சிசன் மிகக் குறைந்த நீரிலிருந்தும் கிடைத்ததைப் பற்றிப் பிடித்து வைத்துக்கொள்ள அது உதவுகிறது. தீனெமன் 1928-29இல் யாவாவுக்கும் சுமாத்திராவுக்கும் போய், வெப்பவலய ஏரிகளையும் ஆராய்ந்தார். ஐரோப்பிய ஏரியைப் படித்துவிட்டு உலகத்தையே படித்துவிட்டதாக நினைக்காத ஆள் என்பதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

இலங்கையிலும் வேலை நடக்காமல் இல்லை. சி. எச். பெர்னாண்டோ 1960களிலேயே நாட்டின் நன்னீர் விலங்குகளுக்கு வழிகாட்டி நூல் எழுதினார். பிறகு கனடாவின் வோட்டர்லூ பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு, குளங்களைப் பற்றியும் நெல்வயலில் வாழும் நீருயிர்களைப் பற்றியும் தொடர்ந்து எழுதினார். வியன்னாப் பல்கலைக்கழகத்தின் பிரிட்ஸ் சீமர் தலைமையில் ஒஸ்திரியரும் இலங்கையரும் சேர்ந்து பொலநறுவையில் பராக்கிரம சமுத்திரத்தை ஆராய்ந்து, 1983இல் ஒரு முழு நூலாக வெளியிட்டார்கள். வரண்ட வலயக் குளம் ஒன்றைப் பற்றி இன்றும் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டிய நூல் அதுதான்.

ஒரு விசயத்தை மறக்கக் கூடாது. ஆற்றோரத்து வெள்ளச் சமவெளிகளில் தேங்கும் வில்லுகளைத் தவிர, இலங்கையில் இயற்கையான ஏரிகள் கிடையாது. எங்களிடம் இருப்பவை எல்லாம் மனிதர் கட்டிய குளங்கள். ஆகவே இரணைமடுச் சேற்றில் இருக்கும் உயிர்கள் ஏரிக்கென்று பிறந்தவை அல்ல. ஆற்றிலும் வில்லிலும் மோட்டையிலும் காய்ந்து நனைந்து பழகி, குளம் கட்டியபிறகு அங்கே குடிவந்தவை. இரணைமடு 20ஆம் நூற்றாண்டின் முதற்பகுதியில் கட்டப்பட்டது; குடிவந்தவர்களுக்கு அது புதுவீடு. முத்தையன்கட்டு, வவுனிக்குளம், பாவற்குளம் போன்றவை பழைய குளங்களைத் திருத்திக் கட்டியவை. பல நூறாண்டு உடைந்து கிடந்த காலத்திலும் அவற்றின் பள்ளங்களில் மாரித்தண்ணீர் நின்றிருக்கும், வம்சம் அறுந்திருக்காது.

இப்போது இரணைமடுவின் ஓர் ஆண்டைச் சேற்றிலிருந்து பார்ப்போம்.

ஒக்டோபர், நவம்பரில் மழை தொடங்குகிறது. கனகராயன் ஆறு சேமமடுப் பக்கத்திலிருந்து கனகராயன்குளம், மாங்குளம் காடுகள் வழியாகக் கலங்கல் தண்ணீரைக் கொண்டு வருகிறது. மாதக்கணக்காகக் காய்ந்து வெடித்துக் கிடந்த குளவிளிம்பு நிலமான அலைகரை நனைகிறது. கோடையில் அங்கே புல் முளைத்திருந்தது. மாடும் எருமையும் மேய்ந்து சாணம் போட்டிருந்தன. தண்ணீர் அதன்மேல் ஏறியவுடன் புல்லும் சாணமும் ஊறி உக்குகின்றன. சேற்று உயிர்களுக்கு இதைவிடப் பெரிய விருந்து கிடையாது. முதலில் வருவது கைரோனோமிட் பூச்சி. சிறகு இருப்பதால் அதற்கு ஆறும் வேண்டாம் வாய்க்காலும் வேண்டாம். முட்டையிட்டுச் சில கிழமைகளிலேயே அடுத்த தலைமுறை பறக்கிறது. குளிர்நாட்டு ஆழ் ஏரியில் இதே குடும்பத்துப் புழு ஒரு தலைமுறை முடிக்க ஓராண்டு எடுப்பதும் உண்டு. எங்கள் தண்ணீரின் சூடு அவற்றின் கடிகாரத்தை விரைவாக ஓட்டுகிறது.

டிசெம்பர், ஜனவரியில் குளம் நிறைந்திருக்கும். மேலே உள்ள குளங்கள் வான்பாய்ந்து, அங்கிருந்த நத்தைக் குஞ்சும் மீன்குஞ்சும் குடம்பிகளும் கீழே அடித்து வரப்படும். வன்னியில் குளங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொடராக இருப்பதன் அருமை இங்கேதான் தெரியும். ஒரு குளம் ஒரு கோடையில் அடியோடு வற்றிப் போனாலும், தொடரில் எங்கேயோ ஒன்றில் தண்ணீர் மிஞ்சினால், அடுத்த மாரியில் அங்கிருந்து ஆட்கள் வந்துவிடுவார்கள். கைவிட்ட சிறுகுளத்தை மண்போட்டு நிரவி வீட்டுக்காணி ஆக்கும்போது இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி போகிறது. அந்தக் குளத்தின் கீழ் இரண்டு ஏக்கர் வயல்தானே என்று கணக்குப் பார்க்கிறவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மார்ச்சும் ஏப்ரலும் பொல்லாத மாதங்கள். காற்று இல்லை, வெயில் கொளுத்துகிறது. மேல்தண்ணீர் சூடாகி இலேசாகி மேலேயே நிற்கும். அடித்தண்ணீர் அதனோடு கலக்காது. கட்டோரத்து ஆழத்தில் உக்கும் இலைகுழை அங்குள்ள ஒட்சிசனைக் குடித்து முடிக்கும். சூடான நீர் ஒட்சிசனைக் குறைவாகத்தான் கரைத்து வைத்திருக்கும் என்பதை மாணவர்கள் படித்திருப்பீர்கள்: 10 பாகையில் ஒரு லீற்றர் நீர் ஏறத்தாழ 11 மில்லிகிராம் தாங்கும், 30 பாகையில் ஏழரைதான். வருமானம் குறைவு, செலவு அதிகம். வெப்பத்தில் உயிர்கள் சுவாசிப்பதும் கூடும் அல்லவா? இந்த நாட்களில் ஆழத்துச் சேற்றில் சிவப்புப் புழுவும் சேற்றுப் புழுவும்தான் நிலைத்திருக்கும். கண்ணாடிபோல் உடம்புடைய கேயோபோரஸ் குடம்பி என்றால் பகலில் மீனுக்குப் பயந்து சேற்றில் ஒளிந்திருந்து, இரவில் மேலே வந்து இரைதேடும். அதற்கு அடியின் ஒட்சிசன் இல்லாமை ஒரு பாதுகாப்பு, மீன் அங்கே இறங்காது. ஆபிரிக்காவின் மலாவி ஏரியில் இந்தப் பூச்சி வளர்ந்து மேகம்போல் எழும்பும். அங்குள்ளவர்கள் அதைப் பிடித்து அப்பமாகத் தட்டி உண்கிறார்கள். முகத்தைச் சுளிக்காதீர்கள், நாங்களும் ஈசல் வறுத்துத் தின்ற சனம்தானே.

மே பிறந்தால் சோளகக் காற்று. நாட்கணக்கில் ஓயாமல் வீசி, அகன்ற ஆழமில்லாத தண்ணீரை அடிவரை கிண்டிவிடும். இரணைமடு பரப்பில் பெரியது. கட்டோரத்தைத் தவிர அதிகப்பகுதி ஆழம் குறைந்தது. ஆகவே சோளகம் ஒரேநேரத்தில் இரண்டு வேலை செய்கிறது. அடிக்கு ஒட்சிசனைக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. அதேவேளை சேற்றைக் கிளப்பிக் குடியிருப்புகளைக் கலைக்கிறது. மென்மையான களியில் குழாய்வீடு கட்டிய குடம்பி வீட்டோடு தூக்கி எறியப்படும். பாரமான மட்டி அசையாது. ஆனால் கலங்கல் அதன் செவுளை அடைக்கும். கட்டின் உட்சரிவில் அலை அரிக்காமலிருக்கக் கருங்கல் பதித்திருக்கிறார்களே, அங்கே நிலைமை முற்றிலும் வேறு. அந்தக் கற்களின் இடுக்குகளில் கல்லைப் பற்றிக்கொள்ளும் நத்தைகளும் பூச்சிகளும் இருக்கும்; சேற்றுப்புழு இராது. ஒரே குளம், ஒரே தண்ணீர், ஐம்பது அடி தூரத்தில் இரண்டு உலகம்.

இதே மாதங்களில்தான் சிறுபோகத்துக்குத் துருசு திறக்கிறது. தண்ணீர் வயலுக்குப் போகிறது, வெயிலுக்குப் போகிறது. கரை நாளுக்கு நாள் பின்வாங்குகிறது. சரிவு குறைந்த அலைகரையில், தண்ணீர் மட்டம் ஓரடி இறங்கினாலே கரைக்கோடு வெகுதூரம் உள்ளே போய்விடும். அங்கே நடந்து பாருங்கள். வட்ட வட்டமாகக் குழிகள் தெரியும். அவை 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கத் திலாப்பியாவின் ஆண்மீன்கள் தோண்டிய கூடுகள். இனப்பெருக்கக் காலத்தில் ஆழமில்லாத அடியை இவை உழுது தள்ளும். குழிகளுக்கிடையில் ஒரு கோடு இழுத்ததுபோல் தடம் போகும். தடம் முடியும் இடத்தில் கையை விட்டால் ஒரு மட்டி இருக்கும். தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்க அதன் பின்னாலேயே நகர்ந்து வந்து, இனி எட்டாது என்றானதும் அந்த இடத்திலேயே புதைந்துகொண்டது. கோட்டின் நீளத்தைப் பார்த்தால் அது எவ்வளவு தூரம் முயன்றது என்று தெரியும்.

இங்கேதான் வேகம் முக்கியமாகிறது. தண்ணீர் மெல்ல இறங்கினால் மட்டி நகர்ந்து தப்பும். தும்பிக் குடம்பி வளர்ந்து சிறகு முளைத்துப் போய்விடும். வேகமாக இறக்கினால் இரண்டும் வெயிலில் மாட்டும். பைலா நத்தைக்கு இந்தக் கவலை குறைவு. செவுளும் உண்டு, காற்றைச் சுவாசிக்க நுரையீரல்போன்ற அறையும் உண்டு. தண்ணீர் போனால் சேற்றுக்குள் இறங்கி, ஓட்டின் வாயை மூடியால் அடைத்துக்கொண்டு மாதக்கணக்காக உறங்கும். அது புதையுமுன் பிடிக்கத்தான் நத்தைகுத்தி நாரைகள் வற்றும் குளங்களில் கூட்டமாக வந்து நிற்கின்றன. அவற்றின் அலகு நடுவில் பொருந்தாமல் இடைவெளி விட்டிருப்பது குறைபாடு இல்லை, தொழிற்கருவி. இந்தோபிளனோர்பிசுக்கு மூடி இல்லை. ஆனால் அது இருபாலுயிரி. ஒரேயொரு நத்தை ஈரச்சேற்றில் தப்பினாலும் தன்னந்தனியாகவே முட்டையிட்டு அடுத்த மாரியில் குளத்தை நிறைத்துவிடும். மெலனொயிடஸ் இன்னும் ஒருபடி மேல்: ஆண் இல்லாமலே குட்டி ஈனும். நீர்த்தெள்ளுகள் காய்ந்த மண்ணில் ஆண்டுக்கணக்காகக் கிடக்கவல்ல முட்டைகளை விட்டுவிட்டுச் சாகும். வன்னியின் கோடை இந்தச் சோதனைகளில் தேறியவர்களுக்கு மட்டும்தான் குடியுரிமை கொடுக்கிறது.

மட்டி மட்டும் பாவம். அதன் குஞ்சுக்கு ஒரு விசித்திரமான தேவை உண்டு: கொஞ்சக்காலம் ஏதாவதொரு மீனின் செவுளிலோ செட்டையிலோ ஒட்டிக்கொண்டு வாழ்ந்தால்தான் அது மட்டியாகும். ஆகவே கோடை முடிவில் மிஞ்சும் கடைசித் தண்ணீரில் மீனை அடியோடு வலித்து எடுத்துவிட்டால், பிறகு தண்ணீர் வந்தாலும் மட்டி வராது. மட்டி நீரை வடித்துக் குடிக்கும் உயிர். கலங்கலைத் தெளியவைக்கும் உயிர். நன்னீர் மீனவர் சங்கங்கள் துருசு மட்டத்துக்குக் கீழே நிற்கும் தண்ணீரில் வலைபோடாமல் விடுவது மீனுக்கு மட்டும் செய்யும் உபகாரம் ஆகாது.

மண்ணைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வவுனியாவும் முல்லைத்தீவின் தென்பகுதியும் பழைய படிகப் பாறைமேல் இருக்கின்றன. புவிச்சரிதவியலாளர்கள் அந்தப் பாறைகளுக்கு வைத்த பெயரே வன்னித் தொகுதி. வடக்கே போகப்போக யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் வந்துவிடும். நத்தையும் மட்டியும் ஓடு கட்டக் கல்சியம் வேண்டும். தண்ணீரின் வன்மை கூடிய இடத்தில் ஓடு தடிப்பாகும், குறைந்த இடத்தில் மெலிந்து உச்சி அரித்துப் போயிருக்கும். அடுத்தது, ஆற்றில் நடக்கும் மணல் அகழ்வும் மேட்டுக்காடு வெட்டுவதும். கரை இடிந்து வரும் நுண்மண் குளத்தின் கொள்ளளவைக் குறைக்கிறது என்று எல்லோரும் பேசுகிறோம். அது பருமணல் அடியைக் களி அடியாக மாற்றி, மணலில் வாழ்பவற்றை விரட்டிச் சேற்றுப் புழுவுக்கு இடம் கொடுக்கிறது என்பதையும் பேச வேண்டும்.

நகரக் குளங்களின் கதை இன்னும் கசப்பு. ஒரு குளத்தைச் சுற்றி நகரம் நெருங்கி வளர்ந்து, கடைத்தெருவின் கழிவுநீர் மாரிதோறும் அதற்குள் இறங்கினால் முதலில் ஆகாயத்தாமரையும் சல்வீனியாவும் மூடும். மேலே பச்சை அழகாக இருக்கும். கீழே வெளிச்சமும் இல்லை, காற்றும் இல்லை. செடி செத்து விழுந்து அழுகி, அடிச்சேறு கறுத்து, முட்டை அழுகிய நாற்றம் அடிக்கும். அரிதட்டில் அலசினால் ஒன்றிரண்டு வகைதான் வரும். ஆனால் அவை அள்ள அள்ள வரும். எண்ணிக்கை கூடி வகை குறைவது நோயின் அறிகுறி. கூட்டம் நிறைந்திருக்கிறது என்று மகிழக்கூடாது; கூட்டத்தில் எல்லோரும் ஒரே வீட்டார்.

பிள்ளைகள் கையை விட்டுச் சேறு அள்ளப் போகிறீர்கள் என்பதால் இதையும் சொல்லவேண்டும். இந்தோபிளனோர்பிஸ் நத்தை தென்னாசியாவில் மாடுகளைத் தாக்கும் குருதித் தட்டைப்புழுக்களுக்கு இடைவிருந்து வழங்கி. அந்தப் புழுவின் குஞ்சு மனிதத் தோலைத் துளைக்கப் பார்த்தால் கடி எடுக்கும், தடிக்கும். மனித உடலில் அது வளராது. வயலில் இறங்கியவர்களுக்கு வரும் சொறியில் ஒரு பங்கு இதுதான். இறப்பர்ச் சப்பாத்தும் கையுறையும் போடுங்கள், வீட்டுக்கு வந்து சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

இனி எனக்குள்ள ஒரு பிணக்கு. சேற்றுயிர்களை எண்ணி நீரின் சுகத்துக்குப் புள்ளிபோடும் முறைகள் உலகில் பல உண்டு. 1970களின் இறுதியில் பிரித்தானியாவில் உருவான முறையில், சேற்றுப் புழுவுக்கு 1, கைரோனோமிட்டுக்கு 2, பெரும்பாலான நத்தைகளுக்கு 3. குளிர்ந்த ஓடைக் கற்களில் வாழும் சில பூச்சிகளுக்கு 10. அந்த ஊர் ஆறுகளுக்கு நல்ல முறை. அதைத் தூக்கிவந்து செப்ரெம்பர் மாதத்து வன்னிக் குளத்தில் வைத்தால், காடு சூழ்ந்த, ஒரு துளி கழிவுநீர் கலக்காத குளமும் தோற்றுப்போகும். அங்கே மிஞ்சியிருப்பவை கோடையைத் தாங்கும் முரட்டு உயிர்கள். அந்த அட்டவணையில் முரட்டு உயிர் என்றால் அசுத்தத்தின் அடையாளம். வற்றுவதால் வந்த வறுமையையும் அழுக்கால் வந்த வறுமையையும் அந்தப் புள்ளி பிரித்துச் சொல்லாது. பிரித்தறிய ஒரே வழி, ஒரே குளத்தை ஒரே இடத்தில் ஆண்டு முழுவதும் பார்ப்பது. ஜனவரியில் வகைகள் திரும்பி வந்தால் குளம் சுகமாயிருக்கிறது. நல்ல மாரி பெய்தும் வராவிட்டால் ஏதோ கெட்டிருக்கிறது.

குளத்தோடு கதை முடிவதில்லை. இரணைமடுவிலிருந்து வடக்கே போகும் கனகராயன் ஆறு சுண்டிக்குளம் கடலேரியில் விழுகிறது. 1938இல் பறவைகள் சரணாலயமாக்கப்பட்டு, 2015இல் தேசியப் பூங்காவான இடம். அங்கே அடியில் வாழும் கடற்புழுக்களையும் சிறு இறால்களையும் நத்தைகளையும் ஆள்வது உவர்த்தன்மை. மாரியில் வான்கதவு திறந்தால் கடலேரி நன்னீராகும். கோடையில் தண்ணீர் வராமல் வெயில் குடித்தால் உப்பாகும். பூநாரைகள் சேற்றைக் கிளறித் தலைகீழாக அலகை வைத்து வடித்துண்ணும் உணவு, இந்த இரண்டு எல்லைகளுக்கும் இடையில் ஊசலாடித் தாக்குப்பிடிக்கும் உயிர்கள்தான். இரணைமடுவின் வான்கதவு சுண்டிக்குளத்தின் பறவைக்கும் படியளக்கிறது.

2018இல் இரணைமடு நிரம்பும் மட்டம் 34 அடியிலிருந்து 36 அடிக்கு உயர்ந்தது; கொள்ளளவு ஏறத்தாழ 119,500 ஏக்கர் அடியானது. அந்த டிசெம்பரிலேயே வெள்ளமும் வந்தது. உயர்த்திய இரண்டடி, புதிதாக மூழ்கும் ஒரு வளையத்தை அலைகரையில் உண்டாக்கியது. புதுநிலம் மூழ்கினால் உக்கும் தாவரத்தால் சில ஆண்டுகள் சேற்றுயிர்கள் பெருகும், மீனும் பெருகும். பிறகு இருப்பு தீர்ந்து அடங்கும். புதிய நீர்த்தேக்கங்களில் எங்கும் காணும் ஒழுங்கு இது. முதல் ஆண்டுகளின் விளைச்சலைப் பார்த்து மீன்குஞ்சுகளின் தொகையைத் திட்டமிட்டால் பிறகு ஏமாற வேண்டிவரும்.

இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுபோவது பற்றி நடந்த நீண்ட விவாதம் உங்களுக்குத் தெரியும். கமக்காரர் தங்கள் பக்கத்தைச் சொன்னார்கள், பொறியியலாளர் தங்கள் பக்கத்தைச் சொன்னார்கள். கடைசியில் யாழ்ப்பாணத்துக்குக் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் தாளையடிக்கு வந்தது. அந்த விவாதத்தில் ஏக்கர் அடியும் கனமீற்றரும் இருந்தன. குளத்தின் அடி எவ்வளவு தாங்கும் என்ற கேள்வி வரவில்லை. நாளைக்கு வேறொரு திட்டம் வரும். வற்றும் வேகம் என்ன, எந்த மட்டத்துக்குக் கீழே இறக்கக்கூடாது என்று கேட்பதற்கு அப்போது எங்கள் கையில் எழுத்தில் ஏதாவது இருக்க வேண்டும்.

அதற்கு ஒரு வேண்டுகோள். வன்னி மாவட்டங்களில் குளத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒவ்வொரு பாடசாலையும் ஒரு குளத்தை எடுத்துக்கொள்ளட்டும். ஜனவரி, மே, செப்ரெம்பர் என ஆண்டுக்கு மூன்று முறை போதும். அதே இடம், அதே சிரட்டை அளவு, அதே அரிதட்டு. வந்த உயிர்களை வகைபிரித்து எண்ணுங்கள். பெயர் தெரியாவிட்டால் படம் வரைந்து வையுங்கள். எண்ணி முடிந்ததும் தண்ணீரிலேயே விட்டுவிடுங்கள். நீர்ப்பாசனத் திணைக்களத்தின் அளவுகோலில் அன்றைய மட்டத்தைப் பார்த்துப் பக்கத்தில் எழுதுங்கள். பெயர் கண்டுபிடிக்க உதவி வேண்டுமென்றால், அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடங்கள் இருக்கின்றன, பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கிறது. வாசலில் போய்க் கேளுங்கள். கமக்கார அமைப்புகளின் தலைவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: அடுத்த சிறுபோகக் கூட்டத்துக்குப் போகும்போது பிள்ளைகள் எழுதிய அந்தக் கொப்பியையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.